மைக்ரோவேவ் வாங்கிய மகளுக்கு

பரந்தன்

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் சுகம். காலபோக நெல் விதைத்தாயிற்று, இனி மழை பார்த்திருக்கிறோம்.

நேற்று போன் விட்டுவிட்டு இழுத்ததால் ஆறுதலாக எழுதுகிறேன். வெள்ளவத்தை வீட்டுக்கு மைக்ரோவேவ் வாங்கினதும் மேல்வீட்டு அன்ரி "கான்சர் வரும்" என்று சொல்லிவிட்டார் என்றாய். அந்தப் பயத்தை விடு பிள்ளை. சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றிச் செய்தி கேட்டோமே, அந்த ரேடியோ அலையின் இனம்தான் இதுவும். மீடிறன், அதாவது ஒரு வினாடிக்கு அலை அதிரும் தடவை, மட்டும் மிகக் கூட, 2450 மெகாஹெர்ட்ஸ். சாப்பாட்டில் உள்ள நீர் மூலக்கூறுகளை உலுப்பிச் சூடாக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் அலையும் நின்றுவிடும், சோற்றில் ஒன்றும் தங்காது. கதவுக் கண்ணாடிக்குள் ஒரு கம்பி வலை தெரியும், பார். அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர், வலையின் ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீற்றர். வெளிச்சம் வரும், அந்த அலை வராது. ஆனபடியால் கதவைக் கவனமாக வைத்திரு. நெளிந்தாலோ, சரியாகப் பூட்டாவிட்டாலோ பாவிக்கவே கூடாது.

எனக்குப் பயம் தண்ணீரில்தான். நீ தேத்தண்ணீருக்கு அதில் தண்ணீர் வைக்கிறாய் என்றாயே. வழுவழுப்பான கோப்பையில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் ஒரு குமிழிகூட விடாமல் அசையாமல் நிற்கும். எடுத்துச் சீனியைப் போட்ட உடனே பொங்கி முகத்தில் அடிக்கும். தண்ணீர் கொதிக்க வைக்கக் கேத்தில் இருக்கும்போது இந்த வேலை ஏன்? கட்டாயம் என்றால் மரக்கரண்டி ஒன்றை உள்ளே போட்டு வை, எடுக்க முன் கொஞ்சம் ஆறவிடு.

பேரனின் பால் போத்தலை மட்டும் அதற்குள் வைக்காதே. போத்தல் கைக்கு இளஞ்சூடாக இருக்கும், உள்ளே பாலில் ஒரு பக்கம் நாக்கைச் சுட்டுவிடும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் போத்தலை இறக்கி வைத்து, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடு. நீயும் அப்படித்தான் வளர்ந்தாய்.

நான் பஸ்ஸில் கொடுத்துவிடுகிற மீன்கறியைச் சில்வர் ஏதனத்தோடு வைக்காதே, பொறி பறக்கும். கடைப் பார்சல் சுற்றிவரும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் மெலமைன் கோப்பையும் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மூடியை இறுக்காமல் வை. பாதியில் எடுத்துக் கிளறு. ஓரம் கொதித்தாலும் நடு குளிர்ந்தே கிடக்கும், கிருமி அங்கேதான் தப்பும். முடிந்ததும் ஒரு நிமிஷம் விட்டால் சூடு உள்ளே பரவும். இரவு முழுக்க வெளியில் இருந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட நினைக்காதே. அதில் ஊறிய நஞ்சு சூட்டுக்கு அழியாது. மிஞ்சினால் அப்போதே குளிர்சாதனப் பெட்டிக்குள் வை.

முட்டை கோதோடு வெடிக்கும். அவித்து உரித்த முட்டையும் அப்படித்தான், சிலவேளை கடிக்கும்போது வாய்க்குள்ளேயே.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதே. சுவர் சுவிட்சை நிறுத்து, காற்றில்லாமல் தானே அணையும். பழுதானால் மருமகன் ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கை இழுத்த பிறகும் உள்ளேயிருக்கும் கொள்ளளவி (கப்பாசிற்றர்) மின்னைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைக் கொல்லக்கூடியது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கனடாவிலிருந்து மாமா தன்னுடைய பழைய மைக்ரோவேவை எங்களுக்கு அனுப்பப் போகிறாராம். அங்கே 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேண்டாம் என்று நீயே அவருக்குச் சொல்லிவிடு, நான் சொன்னால் கோபிப்பார்.

அன்புடன்,
அம்மா