சுற்றுலா ஏற்பாட்டாளர்களே, இறங்கிப் பார்க்க நேரம் தாருங்கள்

லண்டனிலிருந்து வடக்கே கோச் விடும் தமிழ்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற பாங்க் ஹொலிடேயில் உங்களில் ஒருவரின் கோச்சில் யோர்க்‌ஷயர் போய்வந்தவள் நான். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. நோட்டீஸில் என்ன போட்டீர்கள், எங்கே இறக்கிவிட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

"பிராட்ஃபோர்ட்டின் பழம்பெரும் கட்டடங்கள்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. லிஸ்டர் ஆலையைப் பார்த்தது கோச் கண்ணாடி வழியாகத்தான். "வலப்பக்கம் பாருங்கோ, பழைய புகைபோக்கி" என்றது மைக். திரும்புவதற்குள் கோச் வளைந்துவிட்டது. 249 அடி உயரம் ஐயா அது! பட்டும் வெல்வெட்டும் நெய்த அந்த ஆலையில்தான் 1890 டிசம்பரில் சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரும்பாலும் பெண்கள். நாலு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். அந்தச் சூடு ஆறுமுன்னே, 1893-இல், சுயேச்சைத் தொழிற்கட்சி இதே ஊரில் பிறந்தது. இதைச் சொல்ல மைக்குக்கு நேரமில்லை, அது பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

டைட்டஸ் சால்ட் 1853-இல் ஆலை திறந்து, தொழிலாளருக்கு வீடு, பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்று ஒரு ஊரையே எழுப்பிய சால்ட்டேருக்கு இருபது நிமிடம். 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். எங்களில் பாதிப் பேர் பார்த்தது மலசலகூட வரிசையை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மால்ஹாம் கிராமத்தில்தான் முடியவில்லை. முப்பது நிமிடம் என்றீர்கள். கோச் நிற்கும் இடத்திலிருந்து மால்ஹாம் கோவ் என்ற சுண்ணாம்புக்கல் மலைமுகத்தின் அடிக்குப் போக ஒரு மைல் இருக்கும். முழங்கால் நோவுள்ள எண்பது வயது அம்மா ஊன்றுகோலுடன் புறப்பட்டா. இருபுறமும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதில்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "சீமெந்து இல்லாமல் எப்படிப் பிள்ளை நிக்குது?" என்று கேட்டா. பாதை வளைந்தது, எண்பது மீட்டர் உயர வெள்ளைப் பாறை தூரத்தில் தெரிந்தது. அப்போதுதான் போன் அடித்தது: "எல்லாரும் ஏறியாச்சு, நீங்கள்தான் மிச்சம்." அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பினா. திரும்பி நடந்த தூரம் முழுக்க நோவு. கோச்சில் ஏறினால் பிந்தி வந்ததற்குக் கைதட்டல் வேறு.

அதே நாளில் தள்ளுபடிக் கடைத்தொகுதிக்கு எவ்வளவு நேரம்? இரண்டரை மணித்தியாலம். லண்டனில் கிடைக்காத சப்பாத்து அங்கே இருந்ததோ தெரியாது. எங்களிடமும் பிழை இருக்கிறது. கோச் நின்றதும் செல்ஃபி, ஏறியதும் கட்லட், வீட்டுக்குப் போய் "யோர்க்‌ஷயர் முழுக்கப் பார்த்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு நிலைத்தகவல். கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நிற்கத் தெரிந்த சனத்துக்கு ஒரு பள்ளத்தாக்கில் ஒரு மணித்தியாலம் நிற்கத் தெரியாதா? நின்று பார்க்க விட்டால்தானே தெரியும்.

சரி, கோபம் போதும். கேட்பது ஒன்றுதான்: இறங்கிப் பார்க்க நேரம் தாருங்கள். ஒரே நாளில் ஏழு இடம் வேண்டாம், இரண்டு போதும். காலையில் சால்ட்டேர், பின்னேரம் மால்ஹாம். கடைத்தொகுதியை விட்டுவிடுங்கள். அடுத்த நோட்டீஸில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே எத்தனை நிமிடம் என்று போடுங்கள். நடக்க இயலாதவர்கள் அதைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தருவோம்.

தயவுசெய்து யோசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருத்தி