மீட்புக் கோப்பை வெளியிடுங்கள்: பழைய விளையாட்டுக் கேசட்டுகளை இயக்கும் கருவியின் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மென்பொருள் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மாலை நேர டியூஷன் வகுப்பு நடத்தும் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பழைய வீடியோ விளையாட்டுக் கேசட்டுகளை இயக்கும் தங்கள் கருவியின் ஃபர்ம்வேருக்கு, அதாவது கருவிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு, அண்மையில் வந்த புதுப்பிப்பு பாதியில் நின்று எங்கள் கருவி செயலிழந்ததையும், அதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எழுதிய பதில்களையும் தாங்கள் அறிவீர்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் இங்கே மறுபடி எடுத்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இப்படி நின்றுபோன கருவியை எஸ்டி அட்டை என்னும் சிறு நினைவக அட்டை வழியாக உரிமையாளரே மீட்டுக்கொள்ள உதவும் கோப்பைப் பொதுவில் வெளியிடுங்கள், முந்தைய ஃபர்ம்வேர் பதிப்புகளையும் அதனுடன் வைத்திருங்கள். இதை ஆங்கிலத்தில் தங்களுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டோம். இப்போது தமிழில் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே கருவியை வாங்கி வைத்திருக்கும் எங்கள் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களும், அந்தப் புதுப்பிப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே.

தங்கள் கருவியை நாங்கள் விரும்பித்தான் வாங்கினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவி வெளிவந்தபோது எங்கள் தோட்டப்புறத்தில் அதன் பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்களிடம் வந்து சேர்ந்தது அதன் மாதிரியில் தைவானில் உருவான மைக்ரோ ஜீனியஸ்தான். லயத்து வீடுகளில் வளர்ந்து இன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கும் தலைமுறைக்கு, சம்பள நாளுக்குப் பிறகு பட்டணத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அந்தப் பெட்டியும், அறுபது முனைகள் கொண்ட அந்தக் கேசட்டுகளும் மறக்கக்கூடியவை அல்ல. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் துருப்பிடித்துப் போய்விட்டன, கேசட்டுகள் போகவில்லை. உற்பத்தியின்போதே சில்லில் பதிக்கப்பட்ட நிரல் அப்படியே இருக்கிறது. முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பலவும் இன்றும் வேலை செய்கின்றன. தங்கள் கருவி அவற்றைப் படித்து, இன்றைய தொலைக்காட்சியில் ஹெச்டிஎம்ஐ வழியே தெளிவாகக் காட்டியது. அப்பாவும் மகளும் அருகருகே உட்கார்ந்து ஒரே கோட்டையைக் காத்து டாங்கி ஓட்டும் காட்சியை எங்கள் மண்டபத்தில் காண முடிந்தது என்றால் அது தங்கள் பொறியாளர்களின் உழைப்பால்தான். அதற்காக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புதுப்பிப்பையும் நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மலேசியத் தொலைக்காட்சி பிஏஎல் என்னும் ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 முறை படம் வரைந்தது. ஜப்பானிய, அமெரிக்க முறையில் ஏறத்தாழ 60. எனவே இங்கே விற்கப்பட்ட பெட்டிகளில் ஆட்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. எங்கள் கைகள் பழகியது அந்த வேகத்துக்குத்தான். புதிய பதிப்பு 50 ஹெர்ட்ஸ் முறையில் இருந்த ஒலிக்குறையைச் சரிசெய்யும் என்று தங்கள் அறிவிப்பு கூறியது. அது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த அறிவிப்பு எங்களைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. திரையில் இருந்தவை ‘இப்போது’, ‘பிறகு’ என்ற இரண்டு பொத்தான்கள் மட்டுமே. ‘பிறகு’ என்பதை அழுத்தினால் சிறிது நேரத்தில், ஆட்டத்தின் நடுவிலேயே, அதே அறிவிப்பு மீண்டும் வந்து திரையை மறைத்தது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே இருக்கவில்லை.

அன்று மாலை, பாடம் முடிந்ததும், ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவன் கட்டுப்பாட்டுப் பிடியைக் கையில் வைத்திருந்தான். அறிவிப்பு வந்ததும் எங்கள் ஆசிரியை ‘இப்போது’ என்பதை அழுத்தச் சொன்னார், அவன் அழுத்தினான். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று திரை எச்சரித்தது, அவனும் எதையும் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பருவமழை மாறும் காலத்தில் எங்கள் பகுதியில் பிற்பகலில் இடி, மின்னலோடு மழை கொட்டுவது வழக்கம். ஓரிடத்தில் மின்னல் விழுந்து, வரிசை முழுவதும் விளக்கு அணைந்தது. மின்சாரம் திரும்பியபோது கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. திரையில் எதுவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தங்கள் பிரிவின் பதிலில், புதுப்பிப்பைப் பயனர் இடையில் தடைசெய்ததால் ஏற்பட்ட கோளாறு இது என்றும், எனவே இலவசப் பழுதுபார்ப்பு பொருந்தாது என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பதிலை ஆசிரியை சக ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டியபோது அந்த மாணவனும் அங்கே இருந்துவிட்டான். பொத்தானை அழுத்திய ‘பயனர்’ தான்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான். அதன்பின் அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குப் போய், அது மின்னலால் ஆனது, உன்னால் அல்ல என்று அவன் அம்மாவும் ஆசிரியையும் நானும் எடுத்துச் சொன்னோம். தலையை ஆட்டினான், ஆனால் வரவில்லை. கணக்கில் பின்தங்கியிருந்தவன் இந்த ஆண்டுதான் ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கியிருந்தான். பாடத்துக்குப் பிறகு கிடைக்கும் அரை மணி நேர ஆட்டம் அந்த ஆர்வத்துக்கு ஒரு பெரிய காரணம் என்பதை நாங்கள் அறிவோம். ஐயா, அம்மையீர், தங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஆயத்த வாசகம் ஒன்றை எடுத்து ஒட்டி அனுப்பியிருக்கலாம். அந்த வாசகம் இங்கே பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் பழியாக இறங்கியிருக்கிறது. அது தவறான வாசகம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். புதுப்பிப்பை இங்கே யாரும் தடைசெய்யவில்லை. நடுவில் மின்சாரம் போகும் என்ற மிகச் சாதாரணமான நிலைமையைக் கருதாமல் அந்தப் புதுப்பிப்பு முறை வடிவமைக்கப்பட்டிருந்தது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இதைத் தொழில்நுட்பம் அறியாத ஒருவரின் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபர்ம்வேர் தங்கியிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. பகுதி பகுதியாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஃபர்ம்வேரின் ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை அழித்துவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கினால், இடையில் மின்சாரம் போகும் நொடியில் கருவியிடம் பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது. இந்த ஆபத்து எல்லாருக்கும் தெரிந்ததுதான், தீர்வும் தெரிந்ததுதான். இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று இயங்கும்போது மற்றொன்றில் எழுதி, சரிபார்த்த பிறகே மாறும் முறையை 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 கைப்பேசிகளுக்குக் கொண்டுவந்தது. 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி இன்னும் எளிய வழியில் செல்கிறது: அதன் முதல் தொடக்க நிரல் சில்லிலேயே மாறாமல் இருக்கிறது, மற்றவை எல்லாம் எஸ்டி அட்டையில் இருக்கின்றன, கெட்டுப்போனால் அட்டையை மீண்டும் எழுதினால் போதும். இதை எங்கள் வகுப்பிலேயே பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். தங்கள் கருவியிலும் எஸ்டி அட்டைக்கு இடம் இருக்கிறது. புதுப்பிப்புக் கோப்பையே அது அங்கிருந்துதான் படிக்கிறது. சிவப்பு விளக்கு ஒழுங்கான இடைவெளியில் எரிகிறது என்றால், தொடக்க நிரலில் ஏதோ ஒரு பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம். அந்தப் பகுதிக்குப் புரியும் ஒரு மீட்புக் கோப்பு தங்கள் தொழிற்சாலையில் இருந்தே தீரும். இல்லாவிட்டால் உற்பத்தியின்போது கருவிக்குள் முதல் ஃபர்ம்வேர் எப்படி ஏறியது? அந்தக் கோப்பைத்தான் கேட்கிறோம்.

கருவியைத் தங்கள் நாட்டுக்கு எங்கள் செலவில் அனுப்பினால் கட்டணம் பெற்றுச் சரிசெய்து தருவதாகக் கூறியிருக்கிறீர்கள். போக்குவரத்துக் கட்டணம், பழுதுபார்க்கும் கட்டணம், திரும்பி வரும்போது சுங்கத் துறைக்கான படிவங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், புதிய கருவி ஒன்றை வாங்குவதே மேல் என்ற நிலைக்கு வருகிறது. இந்தக் கருவிக்கான பணம் யாரோ ஒரு செல்வந்தர் கொடுத்ததும் அல்ல. பெற்றோர்கள் பசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் பலகாரம் விற்றும், ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வீடு வீடாகச் சேர்த்தும் வாங்கியது. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து அந்த மாலையில் முறுக்குச் சுட்டவர்களிடம் போய், சில மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு இல்லாததால் மறுபடியும் பணம் வேண்டும் என்று என்னால் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன்.

இது தங்கள் நிறுவனத்தோடு முடிந்துவிடும் குறையும் அல்ல. விற்கும்போது மலேசியா என்ற பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, பழுது என்றதும் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய பிறகும் பொருளின் மேல் முழு அதிகாரம் தயாரிப்பாளரிடமே தங்கிவிடுகிறது. 2010 ஏப்ரல் 1 அன்று சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வெளியிட்ட 3.21 பதிப்பு, அதில் லினக்ஸ் என்னும் வேறொரு இயங்குதளத்தை நிறுவும் வசதியையே நீக்கியது. அமெரிக்காவில் அது வழக்காகி, கடைசியில் இழப்பீடு கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எங்கள் நாட்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. பழுதுபார்க்கும் வசதி நியாயமான காலத்துக்குக் கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தையும் கூறுகிறது. தோட்டப்புறத்தில் கைப்பேசி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி என்று எதை எடுத்தாலும் ஈப்போவுக்குக் கொண்டுபோ, கோலாலம்பூருக்கு அனுப்பு என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதையே மறந்துவிட்டவர்கள் பலர். தங்களை அச்சுறுத்துவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வழக்காட வேண்டும் என்ற எண்ணமும் எங்களுக்கு இல்லை. கோப்பு கிடைத்தால் போதும்.

அந்தக் கோப்பு எப்படி இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும் என்பதையும் பணிவோடு கூறிவிடுகிறேன். கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு என்ற நிபந்தனைகள் இல்லாமல் எவரும் பதிவிறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் இணையம் ஒரே சீராக இருப்பதில்லை, பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ ஒருமுறை இறக்கி எடுத்துவந்து பிறகு இணையம் இல்லாமலே நிறுவ முடிய வேண்டும். எங்கள் பட்டணத்துக் கடைகளில் இப்போது பெரும்பாலும் 64 ஜிபி அட்டைகளே கிடைக்கின்றன. அவை எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு அமைப்பு முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. தங்கள் கருவியோ ஃபேட்32 என்னும் பழைய முறையை மட்டுமே படிக்கிறது. விண்டோஸின் வழக்கமான சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை அந்த முறைக்கு மாற்ற நெடுங்காலமாக இடம் கொடுத்ததில்லை. ஆகவே எந்த அட்டை, எந்த அமைப்பு, கோப்பின் முழுப் பெயர் என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இறக்கிய கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சரிபார்ப்பு எண்ணையும் அதன் அருகில் வெளியிடுங்கள். முந்தைய பதிப்புகளை நீக்க வேண்டாம். பல ஆட்டங்கள் ஒன்றாக அடங்கிய பழைய கேசட்டுகளைப் பழைய பதிப்பு நன்றாகவே படித்தது, புதியது எப்படிப் படிக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே எங்களுக்குக் கிடைக்கவில்லை. இனி வரும் அறிவிப்பில் ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் இருக்கட்டும்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: மீட்புக் கோப்பை வெளியிடுங்கள், முந்தைய பதிப்புகளை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். எங்கள் கருவியின் பதிவேட்டில் ‘பயனரால் ஏற்பட்ட கோளாறு’ என்று எழுதியிருப்பதைத் திருத்தி, மின்தடையால் ஏற்பட்டது என்று எழுத்துமூலம் எங்களுக்குத் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்தை ஆசிரியை தமிழில் எழுதி, நானே அந்த மாணவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் இவற்றைச் செய்து தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். கருவி, எஸ்டி அட்டை, கணினி மூன்றும் இங்கே தயாராக இருக்கின்றன. கோப்பு வந்து சேர்ந்தால், மற்றதை நாங்களே செய்துகொள்வோம்.

நன்றி.

இங்ஙனம்,
டியூஷன் வகுப்புக் குழுவின் சார்பில்,
தங்கள் கருவியின் பயனர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.