எண்ணெய் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"போன மாசம் ஒரு விலை, இந்த மாசம் ஒரு விலையா?" என்று தினமும் பத்துப் பேராவது கல்லாவில் கேட்கிறீர்கள். கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தர்மபுரியில் நாம் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ விளைந்தது. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. 2024 செப்டம்பர் 14 முதல் சுத்திகரிக்காத எண்ணெய்க்கான இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. சுத்திகரித்ததற்கு 13.75 என்பது 35.75. தீபாவளிக்கு முன்னால் என்பதால் பலகாரக்காரர்கள் திண்டாடிப் போனார்கள்.

2025 மே கடைசியில் வரியைக் குறைத்தார்கள். ஆனால் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு மட்டும், 16.5 ஆக. சுத்திகரித்ததற்கு அதே 35.75தான். அப்புறம், கடையில் விலை இறங்க வேண்டுமானால் பழைய வரியில் வாங்கிய சரக்கு முதலில் தீர வேண்டும். மண்டியில் விலை ஏறினால் அன்று ராத்திரியே போன் வரும். இறங்கினால் நாங்கள்தான் நச்சரித்துக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய குறைப்பை உங்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதில்லை.

இந்த வரியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா கடை வைத்தபோது இங்கே கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் ஓடின. 1994இல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு சுற்றுப்பட்டுச் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்களுடையதும் நின்றது. பிறகு பல வருஷம் கழித்துத்தான் மறுபடி போட்டோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால், இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. பாமாயில் மலிந்தால் பாப்பாரப்பட்டிப் பக்கம் கல்லக்காய் (நிலக்கடலை) போட்டவருக்கு விலை விழுகிறது. 2025-26க்குக் கல்லக்காய்க்கு அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று அறிவித்தார்கள். கட்டுப்படியாகாவிட்டால் காட்டை விட்டுவிட்டு ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அந்த பஸ் நிற்கும் இடத்தில் இட்லி, போண்டாக் கடை போட்டவர்களுக்கோ பாமாயில் விலை ஏறினால் அன்றைய லாபமே போச்சு. இரண்டு பேருமே நம் வாடிக்கையாளர்கள். வரியை ஓர் இரவில் ஐந்து மடங்காக்காமல் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக ஏற்றியிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஓர் அம்மா, "அதே பாக்கெட்தான், சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்றார். அவர் கையிலிருந்ததையும் அலமாரியிலிருந்த வேறொன்றையும் தராசில் வைத்தேன். ஒரே உயரம், ஒரே அகலம். ஒன்றில் 910 கிராம், அதாவது ஒரு லிட்டர். அவருடையதில் 850 கிராம். அந்த அளவை அச்சிட்டும் இருந்தார்கள், பொடி எழுத்தில், பின்பக்கம். பாக்கெட் இத்தனை அளவில்தான் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்டதால் இது குற்றம் ஆகாது. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது நஷ்டம்தானே?

அதனால் திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு எண்ணெய்க்கும் கிலோ என்ன விலை என்று கல்லாப் பக்கப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம். தராசு வெளியே இருக்கும், சந்தேகம் வந்தால் நீங்களே வைத்துப் பாருங்கள். கடலை எண்ணெய் வேண்டுபவர்கள் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், புதிதாக ஆட்டித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் எண்ணெய்க் கடை, தர்மபுரி