பெர்னதெத் டெவ்லின் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

வட அயர்லாந்திலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன பெர்னதெத் டெவ்லினைப் பற்றிய கட்டுரை ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாக எழுத எனக்குச் சோம்பல், அதனால் இந்தப் பொது மடல்.

முதல் வணக்கம் வட அயர்லாந்தின் டெரி நகரில் பகல் முழுக்க என்னோடு நடந்த பெரியவருக்கு. அங்கே பாக்சைட் என்ற பகுதியில் ஒலிபெருக்கியோடு நிற்கும் பெர்னதெத்தின் சுவரோவியத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். "அதை அப்புறம் எடுக்கலாம்" என்று இழுத்துப் போய், 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலக் கூட்டம் எந்தப் பக்கம் சிதறி ஓடியது என்று கைத்தடியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். பெர்னதெத்தும் அங்கே இருந்தார். மறுநாள் லண்டன் நாடாளுமன்றத்தில், ராணுவத்தினர் தற்காப்புக்காகத்தான் சுட்டார்கள் என்றார் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங். நேரில் பார்த்த உறுப்பினரான பெர்னதெத் திரும்பத் திரும்பக் கேட்டும் சபாநாயகர் பேச விடவில்லை. பெர்னதெத் நேரே போய் அமைச்சரை அறைந்தார். என் முதல் வரைவு அவர் அறைந்த அந்தக் காட்சியில்தான் தொடங்கியது. கைத்தடிக் கோட்டைப் பார்த்த பிறகு அந்தத் தொடக்கத்தை வைத்திருக்க மனம் வரவில்லை. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தனியாகத் தபாலில் போகிறது.

1969 ஏப்ரல் 22 அவைக் குறிப்பைத் தேடித் தந்த நூலகர் அம்மாவுக்கு நன்றி. மிட் அல்ஸ்டர் தொகுதி இடைத்தேர்தலில் 21 வயதில் வென்ற பெர்னதெத், பதவியேற்ற அன்றே பேசியிருக்கிறார். கன்னிப்பேச்சில் யாரையும் சீண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை.

"1974-ல் தோற்றார்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். "ஏன் தோற்றார் என்று எழுத வலிக்கிறதா?" என்று கேட்ட நண்பருக்கும் நன்றி. அயர்லாந்து தேசியவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி.யும் ஆள் நிறுத்த, அந்தப் பக்கத்து ஓட்டு இரண்டாகப் பிரிந்து, பிரிட்டனோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்ட் வேட்பாளர் ஜெயித்துவிட்டார். 1971-ல் மணமாகாமலே தாயானதற்கு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். இதெல்லாம் இப்போது உள்ளே வந்துவிட்டது.

கடைசியாக, மெய்ப்புப் பார்த்த அக்கா. கட்டுரை முழுக்க நான் "அவள்", "பேசினாள்", "அறைந்தாள்" என்றே எழுதியிருந்தேன். "21 வயதுப் பையன் எம்.பி. ஆகியிருந்தால் 'அவன்' என்று எழுதுவாயா?" என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள். 31 இடம் அக்கா. ஒவ்வொன்றாக நானே திருத்தினேன்.

அன்புடன்,
கட்டுரைக்காரன்