சர்க்கரை சிறப்புப் பக்கத்தில் வீங்கிய காலைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 சர்க்கரை நோய் தினத்துக்கு உங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். கண், சிறுநீரகம், காலில் ஆறாத புண், மாரடைப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கட்டம் போட்டு, நடுவில் வெந்தயமும் பாகற்காயும் படமாக வைத்திருந்தீர்கள். நல்ல பக்கம்தான், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வெட்டி ஒட்டியே வைத்துவிட்டார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பக்கத்தில் இதயச் செயலிழப்பு பற்றி ஒரு வரி இல்லை. பக்கவாதம் ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'போன்றவை' என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் என் வீட்டில் அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று வந்தவை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், தேவையில்லாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் தகராறு. அதே வாரம் உள்பக்கச் செய்தி ஒன்றில் ஒருவர் 'திடீரென இதயம் செயலிழந்து உயிரிழந்தார்' என்று போட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்ல வந்தது இதயம் நின்றுபோனதை. டாக்டர்கள் இதயச் செயலிழப்பு என்று சொல்வது வேறு. அதில் இதயம் நிற்பதில்லை, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மேல்தொட்டிதான் நிறையாது, அப்படி. மருந்தோடு பல வருஷம் வாழலாம். இது தெரியாமல், அம்மாவுக்கு ஹார்ட் பெயிலியர் என்று டாக்டர் சொன்ன உடனே நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள் சார்?" என்பது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் என்னை அவர்கள் விடுவதில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 16 வருஷம். மாசம் தவறாமல் ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7-ஐத் தாண்டாது, சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லும் அளவுக்குக் கட்டுப்பாடு. அப்படி இருந்தவர்களுக்குப் போன வருஷம் கால் கொலுசு இறுக ஆரம்பித்தது. இரவில் கழற்றிப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம், விரலால் அழுத்தினால் விரல் பதிந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். வயசாகிவிட்டது, நின்று வேலை செய்தால் வரத்தானே செய்யும் என்றார்கள். அப்புறம் ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது, ஒரு கட்டத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி மூக்கில் புகை வைத்தார்கள், ஒரு முறை இல்லை, நான்கு முறை. ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தார்கள், "சுகர் சூப்பரா இருக்கும்மா" என்று அனுப்பினார்கள். ஒருவரும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பார்க்கவில்லை.

கடைசியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த இதய டாக்டர் செய்த முதல் காரியம், அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னது. அதில் ஒன்று மூன்று மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த சர்க்கரை மாத்திரை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்து, பயோகிளிட்டசோன் என்ற பெயரின் கீழ் பேனாவால் கோடு போட்டார். இன்னொன்று மூட்டுவலிக்கு என்று மெடிக்கலில் நாமே சொல்லி வாங்கி வந்த டைக்ளோபினாக். இந்த இரண்டுமே உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைக்கும். திணறும் இதயத்துக்கு அது மேலும் சுமை. இரண்டையும் அன்றே நிறுத்தி, நீர் மாத்திரை கொடுத்தார். நான்கு நாளில் ஐந்து கிலோ இறங்கியது, அத்தனையும் தண்ணீர். எக்கோ ஸ்கேனில் பம்பிங் சதவீதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் உள்ளே இருக்கும் ரத்தத்தில் எவ்வளவைத் தள்ளுகிறது என்ற கணக்கு, நன்றாகத்தான் இருந்தது, அதுவே எனக்குப் புதுச் செய்தி. இதயச் சுவர் விறைத்துப்போய், தள்ளும் பலம் இருந்தும் ரத்தத்தை நிதானமாக வாங்கி நிரப்பிக்கொள்ள முடியாத வகை என்று ஒன்று இருக்கிறதாம். சர்க்கரையும் பி.பி.யும் உள்ள வயசான பெண்களிடம் அதிகம் வருவது. பம்பிங் 60 என்று ரிப்போர்ட்டில் பார்த்து நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி, விடாது. படித்ததில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது, இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பே இல்லை என்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரமிங்ஹாம் என்று ஒரு ஊர், 1948-இல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து ஆரம்பித்த இதய ஆய்வு இன்றும் அடுத்தடுத்த தலைமுறைகளோடு நடக்கிறது. அதில் 1974-இலேயே சொல்லிவிட்டார்கள்: சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு! ஐம்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் எந்த மருத்துவப் பக்கத்திலும் பெண்களுக்கு என்று தனியாக இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிக்காரர்களும் ரொம்ப நாள் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று 2007-இல் கிளம்பிய பெரிய சர்ச்சைக்குப் பிறகு, புது சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் சொன்னது. நல்ல விதி. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் முக்கியமாக எண்ணியது இதய நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இந்த மூன்றைத்தான். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்வது அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. அப்படி இருந்தும் 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு வந்தபோது, 7,020 பேரில் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை அது. இதயத்துக்கு இப்படி உதவும் என்று பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019-இல் அதே இனத்து டாபாகிளிஃப்ளோசினை, பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு உள்ள 4,744 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரையே கிடையாது, அவர்களுக்கும் பலன் இருந்தது. இந்தியாவில் எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலை மளமளவென்று இறங்கியதே, அது உங்கள் வணிகப் பக்கத்தில் வந்தது. எதற்கான மாத்திரை என்பது மட்டும் மருத்துவப் பக்கத்தில் வரவில்லை. (அம்மாவும் சாப்பிடும் இந்த மாத்திரையில் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். அம்மா அதை என்னிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் பத்து நாள் மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். இதையும் நீங்கள் எழுதினால்தான் உண்டு.)

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அந்த 2015 ஆய்வில் பக்கவாதம் குறையவே இல்லை. பயோகிளிட்டசோன் கதை தலைகீழ். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில், சர்க்கரை நோய் வராவிட்டாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத 3,876 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதம் பேருக்கு மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 11.8 சதவீதம். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, காரணம் எங்கள் அம்மாவின் காலில் பார்த்த அதே நீர்த் தேக்கம். ஆக, ஒருத்தருக்குக் கை கொடுக்கும் மாத்திரை இன்னொருத்தர் காலை வாரிவிடுகிறது. மெடிக்கலில் போய் 'சுகர் மாத்திரை' என்று மொட்டையாகக் கேட்டு வாங்குவதும், பக்கத்து வீட்டம்மாவுக்குக் குணமானது என்று அதே அட்டையை வாங்கிச் சாப்பிடுவதும் எவ்வளவு விபரீதம் பாருங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம், பி.பி. நிறைய. 2011-இல் ஒரு நாள் பி.பி. பார்த்ததில் நார்மல் என்றார்கள். "நார்மல்தானே, அப்புறம் எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, எங்களுக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் காலையில் பல் தேய்க்கும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்தோம். வாய் கோணிய ஆளுக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பது பின்னால் தெரிந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரி போனபோது, மூளையில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இப்போது முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் ஆறு வருஷம் இருந்தார், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது வருஷம் ஒரு சர்க்கரை ஆய்வு நடந்தது. அதில் பி.பி.யும் சேர்ந்திருந்த 1,148 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பி.பி. சராசரி 154/87, நன்றாகக் கட்டுப்படுத்திய பிரிவில் 144/82. மேல் எண்ணில் பத்துதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதமும் இதயச் செயலிழப்பு 56 சதவீதமும் குறைந்தன. சர்க்கரையை மட்டும் இறுக்கிப் பிடித்த பிரிவில் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறைந்தன, அது நல்லதுதான், பக்கவாதம் குறையவில்லை. இதெல்லாம் 1998-இலேயே வெளிவந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் மூன்று மாதச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற ஆய்வில், கடுமையாக இறக்கிய பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்துபோக, அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சர்க்கரையைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் "சுகர் எவ்வளவு?" என்று கேட்கிறோமே தவிர, "பி.பி. எவ்வளவு, படுத்தால் மூச்சு வாங்குதா, எத்தனை தலையணை வைக்கிறீங்க" என்று கேட்பதில்லை. உங்கள் பக்கமும் அதே ஒரு கேள்வியைத்தான் கேட்டது.

நாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதயம் தாளம் தப்பித் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பி.பி.யும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்களுக்குத் தாளம் தப்புவது சகஜம். தப்பினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று 1991-இல் சொன்னதும் அதே ஃபிரமிங்ஹாம்தான். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணினால் சந்தேகமாவது வரும், பிறகு இ.சி.ஜி. எடுத்து உறுதி செய்துகொள்ளலாம். நம் பாட்டன்மார் வைத்தியர்கள் முதலில் கையைத்தான் பிடிப்பார்கள். இப்போது மெஷின் வந்த பிறகு கையைப் பிடிக்க ஆள் இல்லை.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் அக்கா தங்கமானவர், வீடு வீடாக வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நோட்டில் இன்னும் மூன்று கட்டம் போட முடியாதா? காலில் குழி விழுகிறதா, எத்தனை தலையணை, நாடி ஒழுங்காக இருக்கிறதா. இதற்கு மெஷின் வேண்டாம், ரத்தம் வேண்டாம், விரலும் கடிகாரமும் போதும். சுகாதாரத் துறைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் படிப்பார்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஊறுகாயும் கருவாடும் போய்விட்டதில் மட்டும் வருத்தம். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து எடை பார்த்து, அதைத் தினசரி காலண்டர் தாளிலேயே பென்சிலால் எழுதுகிறார்கள், அதனால் தாளை யாரும் கிழிக்கக் கூடாது, எங்கள் வீட்டில் இன்னும் ஜனவரிதான் தொங்குகிறது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்கு போன் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு முறை போட்டோம், நீர் மாத்திரையைக் கூட்டியதோடு சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை.

அரைப்பக்கம் கொடுங்கள் போதும், அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். படம் போடுவதாக இருந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் அந்தக் கோட்டு போட்ட ஆள் படம் வேண்டாம். கொலுசு பதிந்த கால் ஒன்று போடுங்கள். அம்மாவின் கால் படம் என் போனில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன், அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்