எனக்குப் பிடிக்காத புடவை ஒன்று எடுத்து வா

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்டதற்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "அந்த வீட்டை விட்டு வந்தாச்சு, வேலை இருக்கு, அம்மாவும் கூட இருக்காங்க. அப்புறம் ஏன்க்கா ஒரு சுடிதார் எடுக்கக்கூட கை நடுங்குது? அவர் சொன்ன மாதிரி நான் நிஜமாவே எதுக்கும் லாயக்கில்லாதவதானோ?" என்று கேட்டாய். எழுதினால்தான் ஒழுங்காக வரும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த யூடியூப் விஷயம். உன் புருஷன் நார்சிசிஸ்ட்டா, அதாவது தன்னைத் தவிர யாரையும் பெரிதாக நினைக்காத மனக்கோளாறு உள்ளவனா இல்லையா என்று ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறாய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும் என்று படித்துவிட்டு, டிக் போட்டு எனக்கும் அனுப்பினாய். அவனை எதிரில் உட்காரவைத்துப் பேசும் மருத்துவர்தான் அதைச் சொல்ல முடியும். அவனா போய் உட்காரப் போகிறான்? 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம்கூட புருஷனுக்கு என்ன நோய் என்று கேட்பதில்லை, என்ன செய்தான் என்றுதான் கேட்கிறது. அவமானப்படுத்துவது, கேலி பேசுவது, பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது, உனக்கு உரிமையுள்ள பணத்தை உன் கைக்கு வராமல் தடுப்பது எல்லாம் அதில் வருகின்றன. உன் சம்பளம் வரும் ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில் இருந்ததே, அதுவும்தான். "கைநீட்டி அடிக்கவே இல்லையே, அப்புறம் என்ன?" என்று சித்தப்பா மறுபடி ஆரம்பித்தால் இதைச் சொல். அவருக்குச் சட்டம் என்றால் மரியாதை உண்டு.

சரி, கை நடுக்கத்துக்கு வருகிறேன்.

நீலத்தில் எடுத்தால் "இன்னும் கறுப்பாத் தெரியணுமா?" என்பான். சிவப்பில் எடுத்தால் "யாருக்குக் காட்ட?" என்பான். ஒன்றும் எடுக்காமல் வந்தால் "இதைக்கூட உன்னால முடிவு பண்ண முடியாதா?" நீயேதான் சொன்னாய் இதையெல்லாம். சாம்பாரில் உப்பு கம்மி என்று வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறான். மறுபடி பேசும்போது, "நான் எங்க பேசாம இருந்தேன், நீயா கற்பனை பண்ற" என்றிருக்கிறான். எந்தப் பக்கம் போனாலும் தண்டனை என்றால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தது, ஆட்டோக்காரரிடம்கூட 'சாரி' சொல்வது, லிஃப்ட் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வது, இதெல்லாம் நீ அந்த வீட்டில் பிழைத்துக்கிடக்கக் கற்றுக்கொண்டவை. ஆள் போய்விட்டான், பழக்கம் போகவில்லை. அது போகக் கொஞ்சம் நாளாகும்.

தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கண்ணாடி முன்னால் நின்று 'நான் அன்புக்குரியவள்' என்று தினமும் சொல்லச் சொன்னாளாம் உன் தோழி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் வுட்டும் கூட இருந்தவர்களும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள் இதே மாதிரி ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனசு இன்னும் மோசமாகத்தான் ஆனது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே ஒருத்தி 'பொய்' என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் வேறென்ன ஆகும்?

உனக்கு இப்போது வேண்டியது, தப்பு செய்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு இடம். சிபிடி என்று, நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் ஒரு மனநல சிகிச்சை இருக்கிறது, அதில் ஒரு வழி உண்டு. இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாயோ அதை முதலில் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் செய்து பார்த்துவிட்டு, உண்மையில் நடந்ததைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். நோட்டு கொஞ்சம் நிறைந்ததும் இரண்டு பக்கத்தையும் நீயே ஒப்பிட்டுப் பார்ப்பாய்.

என்னை வைத்தே ஆரம்பி. தீபாவளிக்கு எனக்கு ஒரு புடவை எடு. கடையிலிருந்து போட்டோ அனுப்பாதே, கலர் கேட்டுப் போன் பண்ணாதே. எனக்குப் பிடிக்காவிட்டால், "என்னடி இது, கிளிப்பச்சை?" என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன். அப்புறம் காபி போட்டுக் குடிப்போம். ஒருத்தருக்குப் பிடிக்காததைச் செய்த பிறகும் அவர் உன்னோடு உட்கார்ந்து காபி குடிப்பார் என்பது உனக்கு மறந்தே போயிருக்கிறது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்து வந்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்று, இது நம் வீட்டாருக்குக் கசக்கும். உன்னிடம் இருக்கும் எல்லாக் குறையுணர்ச்சியும் அவன் கொடுத்தது கிடையாது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று உன் ஆறு வயதிலேயே சொன்னது நம் ஆட்கள்தான். பிளஸ் டூ மார்க்கை மாமா பையன் மார்க்கோடு வைத்துப் பேசியது, பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஃபேஸ் க்ரீம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தது, வரன் அமைந்ததும் "உனக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைச்சதே பெரிசு" என்றது, எதையும் நான் மறக்கவில்லை. அவன் எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்தான். நாம் ஏற்கெனவே கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கி வைத்த இடத்தில் கையை வைத்தான். அதனால்தான் அவன் திட்டினபோது உனக்கு அது புதிதாகப் படவில்லை, உண்மை மாதிரியே பட்டது. அவனை மட்டும் மறந்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய அத்தை அடுத்த விசேஷத்தில் வாயைத் திறந்தால் "அத்தை, என் நிறத்தைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லிவிடு. சண்டையெல்லாம் போடவேண்டாம். ஒரு தடவை சொன்னால் போதும், அத்தைக்கே ஆச்சரியத்தில் பேச்சு வராது.

அவன் ஞாபகம் வருகிறது என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிவிடுகிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் மல்லிகைப்பூவோடு வந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போவான் இல்லையா, அந்த ஒரு நாள்தான் இப்போது இழுக்கிறது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துப் பல சோதனைகள் செய்தவர். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறா வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். மனுஷ மனசும் இதில் அப்படியொன்றும் உசத்தி இல்லை. ஏங்குகிறாய் என்பதாலேயே அவன் நல்லவன் என்று ஆகிவிடாது. அவன் நம்பரை எடுத்துப் பார்க்கத் தோன்றும் ராத்திரிகளில் எனக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. நான் எடுக்காவிட்டால் 14416 இருக்கிறது. டெலி மானஸ், மனசு சரியில்லாதபோது கூப்பிட்டுப் பேச மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று தகராறு செய்தால் 181, அது பெண்களுக்கான உதவி எண்.

இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம் என்று பெரியவர்கள் கிளம்பினால் இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதே. அவன் பத்துப் பேர் முன்னால் எவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று உனக்குத் தெரியும். நீ தனியாக ஒரு மனநல ஆலோசகரைப் பார். முதலில் பார்ப்பவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பார்க்கலாம், அதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நகை விஷயமாக வக்கீலிடம் பேசினேன். நீ இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம், அவன் இருக்கும் ஊருக்குப் போய் நிற்கவேண்டாம். உன் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடவும் நான் சொன்ன குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்று எழுதியிருக்கிறதாம்; நடைமுறையில் இழுக்கும் என்று அவரே சொன்னார், தயாராக இரு. எந்த நகை, எத்தனை பவுன் என்று ஒரு பட்டியல் போடு. ரசீதுகள் சித்தியின் பீரோவில் இருக்கும். இல்லாததற்குக் கல்யாண ஆல்பத்தில் நீ போட்டிருக்கும் படங்களைத் தனியாக எடுத்து வை. சம்பளக் கணக்குக்குப் புதுக் கார்டு கேட்டு, பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் இந்த வாரமே மாற்றிவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா