குதிப்பதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பனிச்சறுக்குப் பலகையில் குதிக்கிற வீடியோவை ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த ராத்திரிதான் பார்த்தேன். பெண்ணையாற்று மணல் இன்னும் காலில் ஒட்டியிருந்தது. நீ அந்தரத்தில் நின்றதைப் பார்த்து அப்பா "நம்ம பொண்ணா!" என்று எழுந்தே விட்டார். 1968-இல் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய பிரான்ஸின் கிரெனோபிளுக்குப் படிக்கப் போனவள் பனியில் கால் வைக்காமல் இருக்க மாட்டாள் என்று தெரியும். குதிக்காதே என்று எழுத மாட்டேன்.

அப்புறம் வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் பி.டி. டீச்சராக மணல் குழி ஓரத்தில் நின்றவளுக்குக் கண் தானாகக் காலுக்குத்தான் போகும். பனியைத் தொடுவதற்குச் சற்று முன் உன் வலது கை பின்னால் போகிறது. கை போனதும் இடுப்பும் போகிறது. பலகையின் வால் முதலில் பட்டு, பிறகுதான் முன்பகுதி படுகிறது. உட்காரப் போனவள் மாதிரி சரிந்து, எப்படியோ நிமிர்ந்து விட்டாய். கூட இருந்தவர்கள் கை தட்டுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். உன் ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக். கணுக்கால் அதற்குள் அசையாது. வால் முதலில் அடித்தால் பலகை சட்டென்று முன்பக்கம் கவிழும். பூட்ஸின் பின்சுவர் உன் கெண்டைக்காலை முன்னால் தள்ளும். உடம்போ பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்பாதே. அது முன்னால் விழுந்தாலோ பாதம் பக்கவாட்டில் திருகினாலோ கழலும்; பின்னால் சாய்ந்து விழும்போது பல நேரம் கழலாது.

அந்த ஜவ்வு கிழிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்தபோது ஒரு போட்டியில் நீளம் தாண்டினேன். மணலைக் கிளறிவிடாமல் இறுகிக் கிடந்தது. காலை விறைப்பாக நீட்டி இறங்கினேன். முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாடிப்படி இறங்கும்போது இன்றைக்கும் நான் கைப்பிடியைப் பிடிப்பது அதனால்தான். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகமாகக் கிழிகிறது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குவது அதற்கு ஒரு காரணம்.

அதனால் கைகள் முன்னால், உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தியிருக்க வேண்டும். தொடும்போது முட்டி லேசாக மடங்கியிருந்து, தொட்ட பிறகு இன்னும் மடங்க வேண்டும். விழுந்துவிட்டால் வழுக்கி நிற்கும்வரை எழுந்திருக்கப் பார்க்காதே. பாதி வழுக்கலில் எழப் பார்க்கிறவர்களுக்கும் முட்டி போகிறது.

எங்கே இறங்குகிறாய் என்பது இன்னும் பெரிய விஷயம். தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு அலையைத் தாண்டுவதை நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய். அலை முதுகோடு சரிந்து இறங்கினால் சத்தமே வராது. முகட்டைத் தாண்டி அந்தரத்திலிருந்து தட்டையாக விழுந்தால் 'படார்' என்று அடிக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். நீ குதிக்கிற பனிமேடும் அப்படித்தான். சரிவில் இறங்கினால் வேகம் சரிவோடு ஓடிவிடும். வேகம் குறைந்து, மேட்டுக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவில் இருக்கும் தட்டையில் விழுந்தாலும், அதிகமாகி சரிவையே தாண்டிக் கீழே சமதரையில் விழுந்தாலும், முழு அடியும் காலுக்குத்தான். ஆக, பாதி லேண்டிங் நீ கிளம்பும் வேகத்திலேயே முடிவாகிவிடுகிறது. முதல் சுற்றில் குதிக்காமல் பக்கத்தில் சறுக்கிப் போய் இடத்தைப் பார். காலையில் இறுகிய பனி வேகமாக ஓடும், வெயில் ஏறிக் குழைந்தால் இழுக்கும். காலையில் சரியாக இருந்த வேகம் மத்தியானம் போதாது. மேகம் மூடி மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்குக் குதிக்காதே. கால் சோர்ந்த பிறகு "கடைசியா ஒண்ணு" வேண்டவே வேண்டாம்.

பனிமேட்டிலிருந்து எகிறி அந்தரத்தில் வித்தை காட்டும் ஏரியல்ஸ், 1994-இல் நார்வேயின் லில்லஹாமரில் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது. அதில் குட்டிக்கரணம் போடுகிறவர்களே புது வித்தையை நேராகப் பனியில் செய்வதில்லை. கோடையில் குளத்துக்குள் குதித்துப் பழகுகிறார்கள். அடி மெத்தென்று விழ, தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுகிறார்கள். உங்கள் பக்கம் ஏர்பேக், அதாவது காற்றடைத்த பெரிய மெத்தை, வைத்த இடம் இருந்தால் சுற்றுவதை அங்கே பழகு. பைண்டிங்கை உன் எடை, உயரம், பூட்ஸ் நீளம், திறமைக்கு ஏற்பக் கடைக்காரரே வைக்கட்டும். தோழியின் பலகையை வாங்கி மாட்டாதே. ஹெல்மெட் போட்டிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால், ஹெல்மெட் உடையாவிட்டாலும் அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

பள்ளி வராண்டாவில் பிள்ளைகளை பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேனே, ஞாபகம் இருக்கிறதா? தொப்பென்று சத்தம் கேட்டால் மறுபடி ஏறச் சொல்வேன். உன் அறையில் ஒரு கெட்டியான ஸ்டூல் போதும். முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், முட்டி கால்விரலுக்கு நேராக. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாது.

அடுத்த வீடியோவைப் பக்கவாட்டில் ஒன்று, எதிரில் ஒன்று எடுக்கச் சொல். ஆகாயம் வேண்டாம், எனக்கு உன் முட்டி தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்